நெற்றியிலிருந்த அழுக்கு

"இரவல் பொருளில், அதைக் கொடுத்தவரின் எழுத்துமூலச் சம்மதமின்றி, சுத்தம் செய்தல் உட்பட எந்த மாற்றத்தையும் பெற்றவர் செய்யலாகாது."

ஒப்பந்தத்தின் ஆறாம் பிரிவு, முதலாம் பத்தி. தமிழாக்கம் என்னுடையது. ஜெர்மன் மூலத்தில் அது இரண்டே வரி. சட்டம் படித்தவர்களுக்கும் படிக்காதவர்களுக்கும் ஒரே மாதிரி விளங்கக்கூடிய வரிகளை ஜெர்மன் அலுவலகங்கள் அபூர்வமாகத்தான் எழுதுகின்றன. ஆகவே அந்த வரியைக் கண்டபோது எனக்கு அதன்மேல் ஒரு மரியாதையே வந்தது. மரியாதை வைத்தது என் பிழை.

நான் யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், ஒன்பது வருடம் எழுதுவினைஞராக இருந்தவன். பிறகு ஜெர்மனிக்கு வந்து, கெல்சென்கிர்ச்சன் நகரத்தில் ஓர் உணவகத்தின் பின்கட்டில் நான்கு வருடம் கோப்பை கழுவினேன். அதன்பின் இருபத்தாறு வருடம் நகரசபையின் பதிவறையில் வேலை. உள்ளே வரும் ஒவ்வொரு தாளுக்கும் திகதி முத்திரை குத்தி, கோப்பு எண் போட்டு, உரிய மேசைக்கு அனுப்புவது என் பொறுப்பு. ஓய்வு பெற்ற நாளில் கூட வேலை செய்தவர்கள் எனக்கு ஒரு திகதி முத்திரை பரிசளித்தார்கள். சக்கரத்தைத் திருப்பினால் நாளும் மாதமும் மாறும். மேலே 'வரவு' என்று ஜெர்மனில் இருக்கும். இன்றுவரை வீட்டுக்கு வரும் எல்லாக் கடிதத்துக்கும் அதைக் குத்துகிறேன். திருமண அழைப்பிதழுக்கும் குத்துவேன். என் மனைவியின் தமக்கைக்கு இது பெரிய பகிடி. "என்ன தம்பி, கரண்டு பில்லுக்கும் பொட்டு வைக்கிறீரோ?" என்பார்.

இது அந்த அக்காவின் பெட்டியைப் பற்றியது.

உள்ளங்கைக்குள் அடங்கும் ஆமையோட்டுப் பெட்டி. ஓரத்தில் வெள்ளிப் பட்டி. வெளியிலிருந்து பார்த்தால் வெறும் மூக்குத்தூள் பெட்டி. திறந்தால், மூடியின் உட்புறத்தில், மெல்லிய கண்ணாடிக்குக் கீழே, தந்தத் தகட்டில் தீட்டிய ஒரு மனிதரின் முகம். பெருவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய முகம். வெள்ளைத் தலைப்பாகை, காதில் கடுக்கன், கறுத்தக் கோட்டு. என் மனைவிக்கும் அக்காவுக்கும் அவர் பாட்டனாருக்குப் பாட்டனார். மிஷனரிமாரிடம் ஆங்கிலமும் கேத்திரகணிதமும் கற்று, வெள்ளைக்கார நீதவான் ஒருவருக்கு மொழிபெயர்ப்பாளராகி, அவருடன் கப்பலேறிச் சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் போனவர்.

புகைப்படம் வருவதற்கு முந்தைய காலம் அது. படித்தவர்கள் பயணம் போனால் மாதக்கணக்கு, சிலசமயம் வருடக்கணக்கு. போகிறவர் தன் முகத்தைச் சின்னதாக எழுதுவித்து ஒரு பெட்டிக்குள் வைத்து வீட்டுக்கு அனுப்புவார். அல்லது வீட்டிலிருப்பவரின் முகத்தைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோவார். வைத்தியர், பாதிரியார், நீதவான், பேராசிரியர் என்று எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். மூக்குத்தூள் எடுக்கிற சாட்டில் ஒரு நாளைக்குப் பத்துத் தரம் மனைவியின் முகத்தைப் பார்க்கலாம். கூட இருப்பவர்களும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள்.

எங்கள் மொழிபெயர்ப்பாளரும் கல்கத்தாவில் ஓர் ஓவியர் முன் உட்கார்ந்தார். நெற்றியில் சாம்பலோடு இருந்தால் படித்தவரின் படம் போல வராது என்று நீதவான் சொன்னாராம். இவரும் விபூதியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாராம். பெட்டி யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. மனைவி திறந்து பார்த்துவிட்டு, "இது ஆர்?" என்று கேட்டாராம். மறுநாள் விடிய முழுகிவிட்டு வந்து, கண்ணாடியின் மேல், நெற்றி இருக்கும் இடத்தில், மோதிர விரலால் சந்தனப் பொட்டு வைத்தாராம். அன்றிலிருந்து அந்த வீட்டுப் பெண்கள் கல்யாணத்துக்கும் திவசத்துக்கும் பழைய பொட்டை எடுத்துவிட்டுப் புதுப் பொட்டு வைத்துவந்தார்கள். ஐந்து தலைமுறையாக அந்த மனிதர் வெறும் நெற்றியோடு ஒரு நாளும் இருந்ததில்லை.

கடைசிப் பொட்டை வைத்தவர் என் மாமியார். எண்பதுகளின் நடுவில், அக்கா ஜெர்மனிக்குப் புறப்பட்ட அன்று காலை. சந்தனத்தைத் தடிப்பாக வைத்து, நடுவில் குங்குமம் தொட்டு, காயும்வரை மூடியைத் திறந்து வைத்திருந்து, பிறகு மூடிக் கையில் கொடுத்தாராம். அக்கா அதைச் சட்டைத்துணியில் சுற்றி, கிழக்கு பெர்லின் வழியாகக் கொண்டுவந்து சேர்த்தார். பத்து வருடம் கழித்து, போரில் ஊரே இடம்பெயர்ந்த நேரத்தில் மாமியார் வழியிலேயே இறந்துபோனார். கூடப் போனவர்களில் சிலர் ஒரு பள்ளிக்கூட வளவில் எரித்ததாகச் சொன்னார்கள்; வேறு சிலர் ஒரு குளக்கட்டில் என்றார்கள். திகதியிலும் இரண்டு கதை. சாம்பல் என்ன ஆனது என்று எவருக்கும் தெரியாது.

அதன்பிறகு அக்கா அந்தப் பெட்டியில் புதுப் பொட்டு வைக்கவில்லை. எவரையும் வைக்கவிடவும் இல்லை. காய்ந்த சந்தனத்தில், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், கோடுகள் தெரியும். ஒரு விரலின் ரேகை. வருடத்தில் ஒரு நாள், தாயை இழந்தவர்கள் விரதமிருக்கும் சித்திரைப் பறுவத்தன்று, அக்கா பெட்டியைத் திறந்து அதைப் பார்த்துவிட்டு மூடிவைப்பார்.

இதைத்தான் நான் இரவல் கொடுக்கவைத்தேன்.

செய்தி பத்திரிகையில் வந்தது. ஹாலே நகரத்துக்கு அப்பால், பழைய அரண்மனை உள்ள ஒரு சிறு நகரத்து அருங்காட்சியகம், பயணம் செய்த கற்றோரின் சிற்றோவியங்களையும் பெட்டிகளையும் காட்சிக்கு வைக்கப்போகிறதாம். குடும்பங்களிடம் அப்படி ஏதாவது இருந்தால் கொடுத்துதவலாமாம். நான் எழுதி ஒப்பந்தத்தை வரவழைத்து, பத்திரிகைத் துண்டையும் எடுத்துக்கொண்டு, மனைவியோடு அக்கா வீட்டுக்குப் போனேன்.

"வேண்டாம் தம்பி. கண்டவை நிண்டவை பாக்கிறதுக்கே அது?"

"அக்கா, அங்கை வைக்கிறது முழுக்க அவையின்ரை ஆக்கள்தான். எங்கடை ஆக்களும் அந்தக் காலத்திலேயே படிச்சு, கப்பல் ஏறி, படம் கீறுவிச்சவை எண்டு தெரியட்டுமே."

"ஆருக்குத் தெரியோணும்?"

உண்மையான விடை என்னிடம் இருந்தது. விரலைச் சொடுக்கி என்னைக் கூப்பிட்ட உணவக முகாமையாளருக்கு. எழுதப் படிக்க ஜெர்மனியில்தான் பழகினீரா என்று என்னைக் கேட்ட பதிவறைத் தலைவருக்கு. அவர்கள் இரண்டு பேரும் இறந்துவிட்டார்கள் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

"பேரப்பிள்ளையளுக்கு அக்கா," என்றேன்.

என் மனைவி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார். "அக்கா, உவர் ஒண்டைப் பிடிச்சால் விடமாட்டார். குடுத்துத் துலையுங்கோ. எனக்கும் வீட்டிலை நிம்மதி."

"பொட்டைத் துடைச்சுப் போடுவாங்களடி."

அப்போதுதான் ஆறாம் பிரிவை எடுத்து வாசித்தேன். ஜெர்மனில் ஒருதரம், தமிழில் ஒருதரம். "துடைக்க ஏலாது அக்கா. எழுத்திலை இருக்கு. நாங்கள் கையெழுத்து வைச்சுச் சம்மதிச்சால்தான் தொடலாம்."

அக்கா என்னையும் தாளையும் மாறிமாறிப் பார்த்தார். "கச்சேரிக் கிளாக்கர் சொன்னால் சரியாத்தான் இருக்கும்," என்றார். ஒப்பம் வைத்தது அவர். வாக்குக் கொடுத்தது நான்.

மிச்சமெல்லாம் தாள் வேலை. தந்தத்துக்கு இயற்கைப் பாதுகாப்பு அலுவலகத்தில் ஓர் அத்தாட்சி, ஆமையோட்டுக்கு வேறோர் அத்தாட்சி. செத்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலான ஆமையைப் பற்றி நான் மூன்று பக்கம் எழுதினேன். காப்புறுதிப் படிவம் ஒன்று. கடைசியில் 'நிலைத் தாள்': பொருள் எந்த நிலையில் கையளிக்கப்படுகிறது என்று பன்னிரண்டு கட்டங்களில் நிரப்பவேண்டிய ஒரு தாள். அக்காவின் சாப்பாட்டு மேசையிலிருந்து, ஒரு வெட்டுத் திருத்தம்கூட இல்லாமல், அரை மணித்தியாலத்தில் பன்னிரண்டையும் நிரப்பினேன். அக்கா வாசிக்காமல் கையெழுத்து வைத்தார். என்னை நம்பினால் வாசிக்கத் தேவையில்லைத்தானே.

ஒக்டோபரில் திறப்பு விழா. மூன்று பேரும் ரயிலில் போனோம். ஹாலேயில் அடுத்த ரயிலுக்கு நாற்பது நிமிடம். ரயில் மேடையில் உட்கார்ந்து மனைவி பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணீர் ஊற்றினார். இந்த ஊரின் பழைய காப்பகம் ஒன்றில், பதினெட்டாம் நூற்றாண்டில் தமிழில் எழுதிய கடிதங்களை இன்னமும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள் என்று நான் விளக்கம் கொடுத்தேன்.

"அப்ப சாமானை வடிவா வைச்சிருக்கத் தெரிஞ்ச ஆக்கள்தான் எண்டு சொல்லும்," என்றார் அக்கா. கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தார். காஞ்சிபுரம் உடுத்து, மேலே குளிர் அங்கி போட்டிருந்தார்.

காட்சி நன்றாகவே இருந்தது, அதை மறுக்கமாட்டேன். மங்கலான வெளிச்சத்தில் கண்ணாடிப் பேழைகள். ஒரு வைத்தியரின் பெட்டி மூடியில் அவருடைய மனைவியின் ஒற்றைக் கண் மாத்திரம் தீட்டப்பட்டிருந்தது. வேறு எவரும் அடையாளம் காணமுடியாதபடி. ஒரு பாதிரியாரின் அரக்குப் பெட்டியில் பாடசாலைத் தோழனின் முகம். பயணப் பெட்டி ஒன்றில் திசைகாட்டிக்கும் பல்லுக்குத்திக்கும் தனித்தனி அறை. இன்னொரு பெட்டியில், ஒரு பேராசிரியரின் இளவயதில் இறந்த மகளின் தலைமயிர், பின்னி வளைத்து, கண்ணாடிக்குள். பக்கத்தில் நீளமான விளக்கம்: நினைவு, அன்பு, துயரம், மனித உடலின் கடைசி எச்சம்.

எங்கள் பெட்டி மூலைப் பேழையில் இருந்தது. 'இந்திய எழுத்தர். ஓவியர் தெரியவில்லை.' நிலைத் தாளின் முதற் கட்டத்தில் அவருடைய பெயரையும் ஊரையும் பெரிய எழுத்தில் எழுதியிருந்தேன். அதற்கு ஒரு கடிதம் எழுதவேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டிருந்தபோது, அக்கா மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொண்டு குனிந்தார். கனநேரம் குனிந்தபடியே இருந்தார்.

"தம்பி," என்றார். "அம்மாவின்ரை விரல் எங்கை?"

நானும் குனிந்தேன். கண்ணாடி பளிச்சென்று இருந்தது. அந்த மனிதர் வெறும் நெற்றியோடு எங்களைப் பார்த்தார்.

பக்கத்தில் நின்ற, அருங்காட்சியகத்தின் இரவல் பிரிவுக்குப் பொறுப்பான அம்மையார் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, நாங்கள் வியந்து நிற்கிறோம் என்று நினைத்தார். "எவ்வளவு தெளிவாக இருக்கிறது, பார்த்தீர்களா? எங்கள் புனரமைப்பு நிபுணர் நுண்நோக்கியின் கீழ் ஒரு முழு நாள் வேலை செய்தார். நெற்றியில் ஒரு படிவு இருந்தது. அசலைச் சேர்ந்ததல்ல."

நான் அதை அக்காவுக்கு மொழிபெயர்க்கவில்லை. நாற்பது வருடம் இங்கே இருந்தவருக்கு மொழிபெயர்ப்புத் தேவையுமில்லை. அவர் மெல்ல நடந்து போய்ச் சுவரோர வாங்கில் உட்கார்ந்தார். மனைவி பக்கத்தில் போயிருந்து கையைப் பிடித்துக்கொண்டார். விழாவில் ஒரு கல்விமான் அரை மணித்தியாலம் பேசினார். பயணமும் பிரிவும் பற்றி.

திரும்பும் ரயிலில் அக்கா ஒரே ஒரு தரம்தான் பேசினார். "அந்தப் பெட்டி எனக்கு இனி வேண்டாம். நீரே வைச்சிரும்."

ஆறாம் பிரிவை மேற்கோள் காட்டி மறுநாளே எழுதினேன். ஏழு வாரத்தில் பதில் வந்தது. அருங்காட்சியகத்தில் நான் காட்டும் ஆர்வத்துக்கு நன்றி சொல்லி, சிறுவர்களுக்கான வார இறுதிப் பட்டறையின் துண்டுப்பிரசுரம் ஒன்றையும் இணைத்திருந்தார்கள். முத்திரை குத்தினேன். இரண்டாம் கடிதத்துக்குக் காப்புறுதிப் படிவம் வந்தது. சேதத்தின் வகை: களவு, தீ, நீர், உடைவு, வேறு. 'வேறு' என்பதை நிரப்பி அனுப்பினேன். பொருளின் பெறுமதி குறையவில்லை, ஓவியம் தெளிவாகத் தெரிவதால் கூடியிருக்கவும் இடமுண்டு என்று ஒரு மதிப்பீட்டாளர் எழுதினார். எங்கள் வீட்டுக்குள் வந்து ஒருவன் சுவரிலிருந்த படத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, சுவர் இப்போது எவ்வளவு வெளிச்சம் என்று சொன்னதுபோல இருந்தது.

அக்கா நட்டஈடு கேட்கவில்லை. அவர்கள் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றும் சொல்லவில்லை. அவர் கேட்டது ஒன்றுதான். தைப்பொங்கலுக்கு அவர் வீட்டுக்குப் போனபோது, பொங்கிய புக்கையை என் தட்டில் போட்டுக்கொண்டு கேட்டார்: "துடைச்சதை என்ன செய்தவை எண்டு கேட்டனீரோ?"

"அதையும் கேப்பம் அக்கா."

"அதையும் இல்லை. அதைத்தான் கேளும். குப்பைக்குள்ளையோ, தண்ணிக்குள்ளையோ, எதுக்குள்ளையாவது போயிருக்கும்தானே. எனக்கு அது தெரியோணும். ரெண்டாந்தரமும் தெரியாமல் இருக்க என்னாலை ஏலாது."

ரெண்டாந்தரம் என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை.

மூன்றாம் கடிதத்தில் புனரமைப்பு அறிக்கையைக் கேட்டேன். இந்நாட்டில் ஒரு நிபுணர் பழம்பொருளைத் தொட்டால் அறிக்கை எழுதவேண்டும். எடுத்தது என்ன, எப்படி, எங்கே வைக்கப்பட்டது என்று அதில் இருக்கவேண்டும். இது எனக்குத் தெரியும். அவர்களுக்கும் தெரியும். வந்தது ஒரு பக்கம். மேல் மூலையில் '1/2' என்று அச்சிட்டிருந்தது. படிவின் நிறம், தடிப்பு, ஓவியத்தின் நிலை எல்லாம் அதில் இருந்தன. வசனம் நடுவில் முறிந்து நின்றது: 'அகற்றப்பட்ட பொருள்...'

இரண்டாம் பக்கம் கேட்டு எழுதினேன். அது உள்ளகப் பாவனைக்கானது என்றார்கள். எந்த விதியின்படி என்று கேட்டேன். பதிலில்லை. நினைவூட்டல் அனுப்பினேன். பதிலில்லை. தொலைபேசி எடுத்தேன். இரவல் பிரிவு அம்மையார்தான் பேசினார். கெட்டவர் அல்ல, அதுதான் எரிச்சல்.

"அந்தப் படிவுக்கு ஏதாவது சிறப்பு இருந்ததா?" என்று கேட்டார்.

"அது என் மனைவியின் தாயாருடைய விரல்."

மறுமுனையில் தாள் புரளும் சத்தம். பிறகு, "அப்படி எங்கும் குறிப்பிடப்படவில்லையே," என்றார்.

"நிபுணரோடு நான் நேரில் பேசலாமா?"

"அவர் எங்கள் ஊழியரல்ல. ஒப்பந்தத்தில் வந்தவர். முகவரி தர எனக்கு அனுமதியில்லை." வைக்கும் முன் சொன்னார்: "உங்கள் கடிதங்கள் எல்லாம் மிகச் சரியான வடிவத்தில் இருக்கின்றன. எங்களுக்கு இப்படி வருவது குறைவு."

ஏப்ரிலில் பெட்டி திரும்பி வந்தது. மூன்று அடுக்குப் பஞ்சுப் பொதி, உள்ளே ஈரப்பதம் காட்டும் அட்டை, வெளியே 'உடையக்கூடியது' என்று இரண்டு மொழியில். அக்கா வாங்க மறுத்துவிட்டார். என் அலுமாரியில், பொதி பிரிக்காமல் வைத்தேன். அந்த வருடச் சித்திரைப் பறுவத்தன்று அக்கா கோயிலுக்குப் போய்விட்டு நேரே வீட்டுக்குப் போனார் என்று மனைவி சொன்னார். எனக்குக் கோபம் ஏறியது. ஆறாம் பிரிவு மீறப்பட்டதைத் தரவுவாரியாக விளக்கி, அருங்காட்சியகத்துக்கு மேலான மாகாண அலுவலகத்துக்கு ஐந்து பக்க முறைப்பாடு எழுதினேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய மிகச் சிறந்த முறைப்பாடு அது. பன்னிரண்டு இணைப்புகள்.

ஜூனில் அருங்காட்சியகத்திடமிருந்து ஒரு தடித்த உறை வந்தது. விளக்கக் கடிதம் இரண்டு வரி. கூடவே ஒரு நகல். நிலைத் தாளின் நகல்.

ஏழாவது கட்டம்: 'அழுக்கு உண்டா? எங்கே?'

அதற்குக் கீழே, தெளிவான பெரிய எழுத்தில், வெட்டுத் திருத்தமில்லாமல்: 'உண்டு. கண்ணாடியில், நெற்றியின் மேல். சந்தனம்.'

என் கையெழுத்து.

தாளின் அடியில், எறும்பு ஊர்ந்தாற்போன்ற சிறு எழுத்தில் ஒரு குறிப்பு. கொடுப்பவரால் ஏழாம் கட்டத்தில் குறிப்பிடப்பட்ட அழுக்கு, காட்சிக்கு முன் அகற்றப்படலாம். தாளில் இடும் ஒப்பம் அதற்கான எழுத்துமூலச் சம்மதமாகக் கொள்ளப்படும். அதற்குக் கீழே அக்காவின் ஒப்பம்.

ஏன் அப்படி எழுதினேன் என்று எனக்கு நன்றாகவே ஞாபகம். பொட்டு இருந்தது என்பதற்கு ஓர் அத்தாட்சி வேண்டும் என்று நினைத்தேன். நாளைக்கு, அப்படி ஒன்று இருக்கவேயில்லை என்று அவர்கள் சொல்லிவிடக்கூடாது. பன்னிரண்டு கட்டத்தில் வெடிப்பு, கீறல், பூஞ்சணம், துரு என்று எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. ஒரு பொட்டை வைக்க இடம் இருக்கவில்லை. ஏழாவது கட்டம் காலியாக இருந்தது. கச்சேரியில் பழகியவன் கட்டத்தைக் காலியாக விடமாட்டான். விளிம்பில் ஒரு குறிப்பு எழுதியிருக்கலாம். தனித்தாள் இணைத்திருக்கலாம். நடைமுறை தெரியாத ஒரு கிழவன் அதைத்தான் செய்திருப்பான்.

மாகாண அலுவலகத்துக்கு எழுதிய முறைப்பாட்டை அன்றே மீளப்பெற்றேன். அதற்கும் ஒரு படிவம் இருந்தது.

இரண்டு கிழமை அக்கா வீட்டுப் பக்கம் போகவில்லை. மனைவிக்குச் சொன்னேன். அவர் நகலை நெடுநேரம் பார்த்தார். "இஞ்சேருங்கோ, இதை நீங்களே அக்காட்டைச் சொல்லுறியள். நான் சொல்லமாட்டன்," என்றார்.

சொன்னேன். அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நகலை வாங்கி, கண்ணாடியை மாற்றி, என் எழுத்தை வாசித்தார்.

"நல்ல வடிவான எழுத்து," என்றார்.

"அக்கா..."

"இல்லைத் தம்பி, சொல்லும். அவைக்கு அது ஊத்தை. அவைக்கு என்ன தெரியும்? உமக்குமோ?"

"ஊத்தை எண்டு நினைச்சு எழுதேல்லை அக்கா. அந்தத் தாளிலை வேறை இடம் இருக்கேல்லை."

"இடம் இல்லாட்டில் வெளியிலை நிக்கவிடுறது. காலியா ஒரு கட்டம் கிடந்தது எண்டு எங்கடை அம்மாவைப் பிடிச்சு அதுக்குள்ளை போட்டனீரே!" கீரைத் தண்டொன்றை முறித்தார். "முன்னையும் ஒருத்தன் படிச்ச ஆக்களுக்கு வடிவா இருக்கோணும் எண்டு அந்தாளின்ரை நெத்தியைத் துடைப்பிச்சவன். அவன் வெள்ளைக்காரன். நீர் எங்கடை வீட்டு மாப்பிள்ளை."

கோபத்தை அடுத்தவர்மேல் வைத்திருந்தபோது எவ்வளவு சுகமாக இருந்தது என்று அப்போதுதான் விளங்கியது.

பிறகு அக்கா, "சரி. எழுதினதைத் திருத்த ஏலாதோ?" என்று கேட்டார்.

பதினோராம் பிரிவு. எனக்கு அது ஏன் தோன்றவில்லை என்று வெட்கமாக இருந்தது. 'நிலைத் தாளில் செய்யப்படும் திருத்தம், அத்தாளில் ஒப்பமிட்ட அனைவருக்கும் அனுப்பப்பட்டு, அவர்களின் ஒப்பம் பெறப்பட்ட பின்பே செல்லுபடியாகும்.' தாளில் மூன்று ஒப்பங்கள் இருந்தன. அக்காவுடையது, இரவல் பிரிவு அம்மையாருடையது, பொருளைப் பெற்றபோது சரிபார்த்த புனரமைப்பு நிபுணருடையது. எவருடைய முகவரியைத் தர அனுமதியில்லை என்றார்களோ, அந்த நிபுணருக்கு அவர்களே அனுப்பியாகவேண்டிய ஒரு தாள்!

பேனாவைத் திறந்தேன். "என்னெண்டு எழுத அக்கா?"

"அழுக்கு இல்லை எண்டு எழுதும்."

"ம்."

"அம்மா வைச்ச பொட்டு. அதிலை அம்மாவின்ரை விரல் அடையாளம் இருந்தது. அது இப்ப எங்கை? அவ்வளவும் போதும்."

"பிரிவு ஆறு..."

"தம்பி! உம்மடை பிரிவைக் கொண்டுபோய் உம்மடை வீட்டிலை வையும்."

அவர் சொன்னபடியே எழுதினேன். பதினோராம் பிரிவை வேறொரு தாளில் எழுதி, அவர் பார்க்காமல் இணைத்தேன்.

ஜூலையில் அனுப்பினேன். செப்டெம்பரில் நினைவூட்டல். திருத்தம் கிடைத்தது, மூன்றாம் ஒப்பதாரிக்கு அனுப்பப்படும் என்று நவம்பரில் ஒரு வரி. 'அனுப்பப்படும்'. திறமான ஜெர்மன் வினைச்சொல், காலம் குறிப்பிடாது. டிசம்பரில் இன்னொரு நினைவூட்டல். பெப்ரவரியில் இன்னொன்று.

கடைசியில் வந்தது அருங்காட்சியகத்திலிருந்து அல்ல. வடக்கே வேறொரு நகரத்தின் தபால் முத்திரையோடு ஒரு சிறு பொதி. உள்ளே கையால் எழுதிய ஒரு கடிதம், அறிக்கையின் இரண்டாம் பக்கம், ஒரு பெரிய புகைப்படம், பஞ்சில் பொதிந்த ஒரு சிறு கண்ணாடிக் குப்பி.

நிபுணர் எழுதியிருந்தார். திருத்தம் முந்திய கிழமைதான் தனக்குக் கிடைத்தது. நுண்நோக்கியில் ரேகையைக் கண்டதும் வேலையை நிறுத்தி, கொடுத்தவரிடம் ஒருதரம் கேட்கும்படி சொன்னார்; எழுத்துமூலச் சம்மதம் ஏற்கெனவே இருக்கிறது என்று ஏழாவது கட்டத்தைக் காட்டினார்கள். கரைத்துத் துடைக்க மனம் வரவில்லை. கத்தி நுனியால் முழுதாகக் கிளப்பினார், மூன்று துண்டாயிற்று. குப்பியில் இட்டு, எண் ஒட்டி, அருங்காட்சியகத்திலேயே ஒப்படைத்தார். அறிக்கையின் இரண்டாம் பக்கத்து முதல் வரி அதுதான்: '...களஞ்சியத்தில், நான்காம் இழுப்பறையில் வைக்கப்பட்டுள்ளது.' கடிதம் கண்டதும் ரயிலேறிப் போய்க் கேட்டாராம். ஐந்து நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தார்களாம்.

ஐந்து நிமிடம். பதினேழு மாதமாக நான் எழுதிய ஒவ்வொரு கடிதத்தையும் வாசித்த மேசையிலிருந்து, மாடிப்படியிறங்கினால் அந்த இழுப்பறை. அம்மையார் ஒருதரம் இறங்கியிருக்கலாம். இறங்கும்படி விதி இல்லை.

முத்திரைகூடக் குத்தவில்லை. பொதியையும், அலுமாரியிலிருந்த பெட்டியையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, மனைவியையும் கூட்டிக்கொண்டு ட்ராம் ஏறினேன்.

அக்கா முதலில் புகைப்படத்தைப் பார்த்தார். துடைப்பதற்கு முன் எடுத்தது. உள்ளங்கை அளவுக்குப் பெருப்பித்த சந்தனத்தில், வயல் வரம்புபோல, வளைந்து வளைந்து போகும் கோடுகள். பிறகு குப்பியை வெளிச்சத்துக்குப் பிடித்தார். மூன்று துண்டில் பெரியது ஓர் உளுந்தளவு.

"குப்பைக்குள்ளை போகேல்லை," என்றார், தங்கையைப் பார்த்து.

"இல்லை அக்கா."

"தண்ணிக்குள்ளையும் போகேல்லை."

பெட்டிப் பொதியைக் காட்டி, பிரிக்கச் சொன்னார். நான் மூன்று அடுக்கையும் பிரித்துக் கொடுத்தேன். மூடியைத் திறந்தார். வெறும் நெற்றியை ஒருதரம் பார்த்தார். குப்பியைப் பெட்டிக்குள் சரித்து வைத்து, மூடிக்கொண்டார். என்னை மன்னித்ததாக எந்த அறிகுறியும் இல்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

"எங்கை உம்மடை முத்திரை?"

"வீட்டிலை அக்கா. இதுக்கு இன்னும் குத்தேல்லை."

"போய் எடுத்துக்கொண்டு வாரும்."

"இப்பவோ?"

"ஓம், இப்பதான். அம்மா போன திகதி ஒருத்தருக்கும் தெரியாது. வந்த திகதியாவது எழுத்திலை இருக்கட்டும்."

ட்ராமில் போய், எடுத்துக்கொண்டு திரும்பிவந்தேன். சாப்பாட்டு மேசையில், அதே மேசையில், சக்கரத்தைத் திருப்பினேன். எங்கே குத்துவது என்று கேட்டேன். அக்கா புகைப்படத்தைப் பின்புறமாகத் திருப்பி, விரலால் இடத்தைத் தொட்டுக் காட்டினார். மையை நன்றாக ஒற்றி, நிதானமாக அழுத்தினேன்.

வரவு: 11 மார்ச்.